சிங்கப்பூர் எம்ப்ளாய்மெண்ட் பாஸ்: 40 புள்ளிகளைக் கணக்கிடும் முறை

சிங்கப்பூரில் வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் பெற விரும்புபவர் தம் சம்பளத்தையும் பட்டத்தையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பாதிக் கணக்கையே போட்டவராவார். 2023 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள காம்பஸ் புள்ளிமுறையின் நான்கு அடிப்படை அளவுகோல்களில் இரண்டு விண்ணப்பதாரரையும், இரண்டு அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தையும் சார்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20 புள்ளிகள் கிடைக்கும். மொத்தம் 40 வேண்டும்.

முதலில் தகுதிச் சம்பளத்தை, அதாவது விண்ணப்பிக்கத் தேவையான குறைந்தபட்சச் சம்பளத்தைப் பாருங்கள். 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அது மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறையில் 6,200 வெள்ளி. வயது கூடக் கூட அதுவும் கூடும். இதைத் தாண்டுவதால் மட்டும் புள்ளி கிடைத்துவிடாது. அதே துறையில், அதே வயதுடைய உள்ளூர் நிபுணர்கள் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 65 பேரின் சம்பளத்தை எட்டுபவருக்கு 10, 90 பேரின் சம்பளத்தை எட்டுபவருக்கு 20 என்பதே கணக்கு. பட்டத்துக்குப் பொதுவாக 10 புள்ளிகள்; சிங்கப்பூர் மனிதவள அமைச்சு பட்டியலிட்டுள்ள முன்னணிப் பல்கலைக்கழகம் என்றால் 20.

அடுத்து, நேர்காணலிலேயே நிறுவனத்தின் நிலையைக் கேட்டுவிடுங்கள். அதன் நிபுணர், மேலாளர் நிலைப் பணியாளர்களில் உங்கள் நாட்டவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவென்றால் 20 புள்ளிகள், 25 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் சுழியம். (இங்கு எண்ணப்படுவது குடியுரிமை, மொழியன்று, இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் வெவ்வேறு கணக்கில் வருவார்கள்.) இந்தியர்கள் நிறைந்த தகவல் தொழில்நுட்ப நிறுவனமொன்றில் இது சுழியமாகி, நான்காவது அளவுகோலான உள்ளூர்ப் பணியாளர் விகிதத்துக்கு 10 மட்டுமே கிடைத்தால், இந்த நான்கு அளவுகோல்களை மட்டும் வைத்துப் பார்க்கையில் மீதி 30 புள்ளிகளைச் சம்பளமும் பட்டமுமே ஈட்டித் தர வேண்டும். அத்தகைய நிலைப் பணியாளர் 25 பேருக்கும் குறைவாக உள்ள சிறு நிறுவனத்துக்கு இவ்விரண்டு அளவுகோல்களிலும் தலா 10 தானாகவே கிடைப்பதால், பெரிய பெயருக்காக அதைத் தட்டிக்கழிப்பது விவேகமாகாது.

முதலாளிகள் பொதுவாக வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் 14 நாள் விளம்பரப்படுத்திய பிறகே விண்ணப்பிக்க வேண்டும். பட்டத்துக்குப் புள்ளி கோரினால் அதன் உண்மைத்தன்மைக்கான சரிபார்ப்புச் சான்றையும் இணைக்க வேண்டும். பட்டமின்றியே 40 சேருமானால் அந்தச் செலவு தேவையில்லை.

பாஸைப் புதுப்பிக்கும்போதும் இதே கணக்குதான் என்பதால், உங்கள் நாட்டவரை மேலும் எடுக்கும் திட்டம் நிறுவனத்துக்கு உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.