ஒரு வாரம் ‘டென்ஷன்’ என்று சொல்லாமல் இருந்து பாருங்கள்

டென்ஷன், கடுப்பு, மூட் அவுட். இந்த மூன்றையும் ஒரு வாரத்துக்கு வாயால் சொல்லக் கூடாது, நோட்டிலும் எழுதக் கூடாது. பயம், பொறாமை, அவமானம், வெறும் பசி என்று எதுவாக இருந்தாலும் இந்த மூன்று டப்பாக்களில் ஒன்றில் போட்டு மூடிவிடுகிறோம், அப்புறம் உள்ளே என்ன கிடக்கிறது என்று நமக்கே தெரிவதில்லை.

சரி, வேறு எந்தப் பெயரைச் சொல்வது? தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் எட்டு இருக்கிறது: நகை, அழுகை, இளிவரல் (அவமானம்), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்த அதே எட்டுதான். ஒவ்வொன்றும் எதில் பிறக்கும் என்று நான்கு நான்காகப் பிரித்திருப்பதுதான் நமக்கு உதவும். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. யாராவது மட்டமாக நடத்தினார்களா, எதையாவது இழந்தேனா, முன்பிருந்த நிலை கெட்டுப்போனதா, கையில் காசில்லையா? காரணம் தெரியாமல் தொண்டை அடைக்கும்போது இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றில் போய் நிற்கும்.

இரவில் 15 நிமிடம் போதும். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பேனாவால் எழுதுங்கள். முதல் வரியில் உடம்பு: எங்கே இறுகியது, எங்கே சுட்டது. அப்புறம் நடந்தது. அதற்கும் அப்புறம்தான் பெயர்.

என் நோட்டிலிருந்தே ஒன்று. சாம்பாரில் உப்பு குறைவு என்று அம்மாவிடம் கத்தினேன், தட்டைத் தள்ளிய வேகத்தில் டம்ளர் உருண்டது. அன்று இரவு ‘வெகுளி’ என்று எழுதி, அடித்தேன். உடம்பு வரியில் ‘காது மடல் சூடு’ என்று இருந்தது. அந்தச் சூடு சாப்பிடும்போது வந்ததில்லை, மதியமே வந்தது, நான் செய்த வேலையை என்னைவிட மூன்று வருடம் ஜூனியரை விட்டு மேனேஜர் விளக்கச் சொன்னபோது, நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேனே, அப்போது. ஆக, பெயர் இளிவரல். இன்னும் கொஞ்சம் எழுதியதில், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அப்பா என் மார்க்கை வாசித்த ஒன்பதாம் வகுப்புச் சாயங்காலம் வந்தது. அதே காது, அதே சூடு.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை இப்படித்தான் நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதைப் பாதித்த சம்பவங்களை எழுத வைத்தார். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் உடம்பு சரியில்லை என்று கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதனால் முதல் இரண்டு நாள் மோசமாக இருந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று எழுத ஆரம்பித்தால் செக்குமாடு மாதிரி அதையே சுற்றுவோம். ‘என்ன நடந்தது, இப்போது எனக்கு என்ன வேண்டும்’ என்று மாற்றிக் கேளுங்கள். ஒரே விஷயம் நாலாவது நாளும் அதே வாக்கியத்தில் வந்தால் நோட்டை மூடிவிட்டு ஒருவரிடம் பேசுங்கள். தூக்கம் போகிறது, வாழவே பிடிக்கவில்லை என்றால் நோட்டெல்லாம் அப்புறம், உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பெயர் கிடைத்தபின் ஒரு சின்ன வேலையாவது செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் டைரி. நான் மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போய் ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்: “அதுக்கு என் சாம்பார் என்னடா பண்ணுச்சு?”