நிக்காஹ் ஒப்பந்தத்தை முன்கூட்டியே எழுதி வைப்பது எப்படி?

நிக்காஹ் என்றதும் விருந்தும் உடையும் அழைப்பிதழும்தான் நினைவுக்கு வரும். இஸ்லாமியச் சட்டத்தில் அது ஓர் ஒப்பந்தம். ஒரு தரப்பு முன்மொழிகிறது, மறு தரப்பு ஒப்புக்கொள்கிறது, சாட்சிகள் கேட்டிருக்கிறார்கள், மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் எவ்வளவு என்று எழுதப்படுகிறது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வீட்டுப் பத்திரம் என்றால் நான்கு பேரிடம் காட்டிக் கேட்கிறவர்கள்கூட, இந்தத் தாளின் கட்டங்களை நிரப்பும் வேலையை நிக்காஹ் நடத்திவைப்பவரிடமே விட்டுவிடுகிறார்கள். இங்கே சொல்லப்போவது, அந்தத் தாளை நீங்களே ஒரு வாரம் முன்னதாக எழுதித் தயாராக வைப்பது எப்படி என்று.

தொடங்கும் முன் ஒரு கேள்வி. இரு குடும்பங்களும் எந்த மத்ஹபை, அதாவது சட்டப் பள்ளியை, சேர்ந்தவை? ஹனஃபி, ஷாஃபி, மாலிக்கி, ஹன்பலி, ஷியாக்களின் ஜஅஃபரி எனச் சட்டப் பள்ளிகள் பல. அடிப்படை ஒன்றுதான் என்றாலும் சில இடங்களில் வேறுபாடு பெரிது.

படி 1: தடை உண்டா என்று பாருங்கள்

யாரை மணக்கக் கூடாது என்பதைக் குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 23-ஆம் வசனம் வரிசையாகச் சொல்கிறது. தாய், மகள், சகோதரி, அத்தை, தாயின் உடன்பிறந்தாள், உடன்பிறந்தவர்களின் மகள்கள், மாமியார், மருமகள் என்று பட்டியல் நீளும். தமிழில் பெரியப்பா மகளை அக்கா, தங்கை என்றே அழைக்கிறோம். ஆனால் இந்தச் சட்டத்தில் அந்த உறவு மணத்துக்குத் தடை இல்லை.

பலர் மறப்பது பால்குடி உறவை. இரண்டு வயதுக்குள் ஒரே பெண்ணிடம் பால் குடித்த குழந்தைகள் உடன்பிறந்தவர்களாகவே கருதப்படுவார்கள். ஹனஃபியில் ஒரு முறை குடித்தாலே போதும், ஷாஃபியில் ஐந்து முறை குடித்திருக்க வேண்டும். இது எந்த ஆவணத்திலும் இருக்காது. வீட்டில் வயதான பெண்களிடம் கேட்டால்தான் தெரியும்.

மணமகளுக்கு இது மறுமணம் என்றால் இத்தா, அதாவது காத்திருக்க வேண்டிய காலம், முடிந்திருக்க வேண்டும். கணவரை இழந்தவருக்கு 4 மாதம் 10 நாள், மணவிலக்கு ஆனவருக்கு மூன்று மாதவிடாய்ச் சுற்று, கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. அப்புறம் வயது. இதில் உங்கள் நாட்டுச் சட்டம் சொல்வதைப் பின்பற்றுங்கள். மொராக்கோ 2004-லும் எகிப்து 2008-லும் இரு தரப்புக்கும் 18 என்று வைத்தன.

படி 2: சம்மதத்தை வாயால் கேளுங்கள்

தந்தையே மணமகளின் வலீ, அதாவது பொறுப்பாளர். அவர் இல்லையென்றால் தாத்தா, சகோதரன் என்று வரிசை போகும். ஷாஃபி, மாலிக்கி, ஹன்பலி சட்டங்களில் வலீ இல்லாமல் நிக்காஹ் செல்லாது. ஹனஃபியில் வயதுவந்த, புத்தித் தெளிவுள்ள பெண் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வலீ தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால் நீதிபதி அந்த இடத்தில் நின்று நடத்திவைக்கலாம்.

கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்று நபிமொழி உண்டு. அது வெட்கப்படும் பெண்ணுக்குக் கொடுத்த சலுகை. அதையே அவளிடம் கேட்காமல் இருக்கச் சாக்காக ஆக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம். முன்பு மணமாகி, அந்த மணவாழ்வு முடிந்திருந்த கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணை அவர் விரும்பாத ஒருவருக்குத் தந்தை மணமுடித்து வைத்தபோது, நபிகள் அந்த மணத்தை ரத்து செய்தார் என்று புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஆகவே தனியாக உட்கார வைத்து, மாப்பிள்ளையின் பெயரையும் மஹரையும் சொல்லி, "சரியா?" என்று கேளுங்கள். கையெழுத்தும் வாங்குங்கள்.

படி 3: மஹரை முடிவு செய்யுங்கள்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இதுதான். மஹர் மணமகன் மணமகளுக்குத் தருவது. அவளுடைய அப்பாவுக்கோ குடும்பத்துக்கோ அல்ல. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குத் தரும் வரதட்சணைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கையால் பெரிய தொகையை வாங்கிவிட்டு மறு கையால் பெயருக்குச் சிறு மஹர் எழுதும் வழக்கத்தை எந்த மத்ஹபும் சொல்லித்தரவில்லை.

எவ்வளவு எழுதலாம்? ஹனஃபியில் குறைந்தது 10 திர்ஹம், அதாவது ஏறக்குறைய 30 கிராம் வெள்ளி. ஷாஃபியில் கீழ்வரம்பு கிடையாது. இரும்பு மோதிரம்கூட இல்லாத ஒருவருக்கு, அவர் அறிந்த குர்ஆன் பகுதியையே மஹராக வைத்து நபிகள் மணமுடித்து வைத்தார். மேல்வரம்பு எந்தப் பள்ளியிலும் இல்லை.

அடுத்து, எப்போது கொடுப்பது? உடனே தருவது முஅஜ்ஜல், பின்னர் தருவது முவஜ்ஜல். உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் சபையில் காதில் விழுவதை நம்பாதீர்கள். தாளில் "இவ்வளவு உடனே, இவ்வளவு பின்னர்" என்று தமிழிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பின்னர் என்பதற்குக் காலம் குறிக்காவிட்டால், மணவிலக்கோ மரணமோ நேரும்போது அதைக் கேட்கலாம் என்பதே பொதுவான வழக்கம். கணவர் இறந்தால் அது அவர் மீதுள்ள கடன். சொத்தை வாரிசுகள் பிரிப்பதற்கு முன் அதை அடைக்க வேண்டும்.

பணமாக எழுதிய பின்தொகை இருபது வருடத்தில் ஒன்றுமில்லாமல் தேய்ந்துவிடும். பண மஹரை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்று ஈரான் 1997-ல் சட்டமே கொண்டுவந்தது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லையென்றால் இத்தனை கிராம் தங்கம் என்று எழுதிவிடுங்கள்.

மஹரே எழுதாமல் விட்டால் நிக்காஹ் முறியாது. அவள் குடும்பத்துப் பெண்களுக்குக் கிடைத்த அளவை ஒட்டி ஒரு தொகை அவளுக்கு உரியதாகும். அந்தத் தொகை எது என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டிவரும், அவ்வளவுதான். இல்லறம் தொடங்கும் முன்பே மணவிலக்கு ஆனால் பேசிய மஹரில் பாதி அவளுக்கு (குர்ஆன் 2:237).

படி 4: நிபந்தனைகளை எழுதுங்கள்

இப்படி எழுதலாம் என்பதே பலருக்குத் தெரியாது. படிப்பைத் தொடர்வது, வேலைக்குப் போவது, எங்கே வசிப்பது எல்லாவற்றையும் நிபந்தனையாக வைக்கலாம். கணவர் இரண்டாம் மணம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை ஹன்பலி சட்டம் ஏற்கிறது. அவர் மீறினால் மனைவி மணத்தை முறித்துக்கொள்ளலாம். ஹனஃபி சட்டத்தைப் பின்பற்றிய ஒட்டோமான் அரசு, 1917-ல் குடும்பச் சட்டம் இயற்றியபோது இதை ஹன்பலியிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டது.

இன்னொன்று தஃப்வீழ். தலாக் சொல்லும் உரிமையைக் கணவர் மனைவிக்கும் ஒப்படைப்பது. பாகிஸ்தானின் நிக்காஹ்நாமா என்ற மண ஒப்பந்தப் படிவத்தில் இதற்கென்றே 18-ஆம் கட்டம் உண்டு. மணமகளிடம் கேட்காமலே அதில் குறுக்குக் கோடு போட்டுவிடும் பழக்கமும் அங்கே உண்டு. உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் கோடு விழும் முன் அது என்ன கட்டம் என்று கேளுங்கள்.

மனைவிக்குச் செலவுக்கே தரமாட்டேன் என்பது போன்ற நிபந்தனை செல்லாது. பெரும்பாலான சட்ட அறிஞர்கள் கருத்துப்படி அந்த நிபந்தனை விழும், மணம் நிற்கும்.

படி 5: சபை

ஈஜாப், கபூல். முன்மொழிவும் ஏற்பும் ஒரே அமர்வில், சாட்சிகள் காதில் விழும்படி நடக்க வேண்டும். வயதுவந்த முஸ்லிம் ஆண்கள் இருவர் சாட்சி. ஹனஃபியில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் போதும். ஷியாச் சட்டத்தில் நிக்காஹுக்குச் சாட்சி கட்டாயமில்லை, தலாக்குக்குத்தான் கட்டாயம். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

குத்பா என்ற மண உரையை ஓதுவது சுன்னத், அதாவது நபிவழி, வலீமா என்ற மண விருந்தும் அப்படியே. மணமகன் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பை விட, அவர் சார்பில் ஒரு வக்கீலை, அதாவது பிரதிநிதியை, எழுத்தில் நியமித்துவிடுவது பாதுகாப்பானது. ஒரே அமர்வு என்ற நிபந்தனையில் அப்போது சிக்கல் வராது.

படி 6: அரசில் பதிவு செய்யுங்கள்

மார்க்கப்படி செல்லும் மணம் அரசின் கணக்கில் இல்லாமல் போகலாம். நிக்காஹ் மட்டும் நடந்து சட்டப்படி பதிவாகாத ஒரு மணத்தை, 2020-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருமணச் சட்டத்துக்குள் வராத சடங்கு என்று தீர்ப்பளித்தது. அப்படி ஒரு மணம் முறியும்போது ஜீவனாம்சமோ சொத்தில் பங்கோ மனைவி என்ற முறையில் கேட்க வழியில்லை. இரண்டாம் மணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். துனிசியா 1956-லேயே பலதார மணத்தைத் தடை செய்தது. பாகிஸ்தானில் 1961 முதல் முன் அனுமதி தேவை.

ஆகவே நிக்காஹ் நடத்திவைப்பவருக்குப் பதிவு செய்யும் அதிகாரம் உண்டா என்று முன்னதாகவே கேளுங்கள். இல்லையென்றால் பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். பதிவு முடிந்ததும் கையெழுத்திட்ட பிரதிகள் இரண்டு வாங்குங்கள். ஒன்று மணமகளிடமே இருக்கட்டும், மாமியார் வீட்டு அலமாரியில் வேண்டாம்.