வாட்ச் பேட்டரி மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் கவனியுங்கள்

வாட்ச் பேட்டரியை வீட்டிலேயே மாற்றினால், பின்மூடியை மூடுவதற்கு முன் அதன் ரப்பர் வளையத்தைத் துடைத்து, குண்டூசி முனையளவு சிலிக்கோன் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். பாம்பன், மண்டபம், தொண்டி மாதிரி கடலோர ஊர்ப் பக்கம் இது ரொம்ப அவசியம். மூடியின் விளிம்பில் படியும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்த வளையம் மூடும்போது முறுக்கி இடைவெளி விட்டால் ஈரம் உள்ளே போய் பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு பூக்கும். கிரீஸ் பட்ட வளையம் வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் சரியாக உட்காரும். வாஸ்லின் வேண்டாம், சில ரப்பர்களை ஊத வைத்துவிடும்.

மூடியைத் திறக்குமுன் பழைய பல்துலக்கியால் விளிம்பைத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் மணல் உள்ளே விழும். பேட்டரியைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். இரும்பு இடுக்கி இரு முனையையும் தொட்டால் ஷார்ட் ஆகும். எஸ்ஆர்626 என்ற சில்வர் ஆக்சைடு பேட்டரி போட்டிருந்தால் அதையே போடுங்கள். அதே அளவில் மலிவாகக் கிடைக்கும் எல்ஆர்626 என்ற ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் தீரும், கசியவும் செய்யும்.

வளையம் வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் கிரீஸ் உதவாது, புதிது மாற்ற வேண்டும். கடலில் முங்கிக் குளிக்கக் கட்டும் வாட்ச் என்றால் வீட்டில் திறக்கவே வேண்டாம். தண்ணீர் புகுமா என்று அழுத்தச் சோதனை செய்யும் கடைக்குக் கொடுங்கள்.