மீக்கடத்தி மாசூட்டலைக் கணினியில் செய்து பார்க்க: கூட்டின் அளவை முதலில் கணக்கிடுங்கள்

கோவை, ஈரோடு வட்டாரக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு உயர்வெப்பநிலை மீக்கடத்திகளை (மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள்களை) எடுத்துக்கொள்ளும் மாணவர்கள், மாசூட்டல் (வேற்றணுக்களைச் சேர்த்தல்) அளவு 0.15 என்று நிரலில் எழுதிவிட்டால் போதும் என எண்ணுவதுண்டு. அந்த எண்ணைத் தீர்மானிப்பது நாம் எடுக்கும் கூட்டின், அதாவது கணினியில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அணுத்தொகுதியின், அளவு.

ஸ்ட்ரான்சியம் சேர்ந்த லாந்தனம் தாமிர ஆக்சைடு தொடங்குவதற்கு ஏற்றது. இதில் மாசூட்டல் அளவு என்பது ஒரு தாமிரத்துக்கு எத்தனை ஸ்ட்ரான்சியம் என்பது; மீக்கடத்துதிறன் 0.05-ஐ ஒட்டித் தோன்றி, 0.16 அருகில் ஏறத்தாழ 38 கெல்வினை எட்டி, 0.27 வாக்கில் மறைகிறது. நாற்கோண அலகுக்கூட்டில் 14 அணுக்கள் உள்ளன. கிடைமட்டத்தில் இரு திசையிலும் இரட்டித்தால் 16 லாந்தனமும் 8 தாமிரமும் கொண்ட 56 அணுக்கள் கிடைக்கும். ஒரு லாந்தனத்தை ஸ்ட்ரான்சியமாக மாற்றினால் 8 தாமிரத்துக்கு ஒரு துளை (எலக்ட்ரான் ஒன்று குறைந்த இடம்), அதாவது 0.125, இரண்டை மாற்றினால் ஒரேயடியாக 0.25. சரியாக 0.15 வேண்டுமானால் 20 தாமிரத்துக்கு 3 ஸ்ட்ரான்சியம், ஆக 140 அணுக்கள் தேவை. கோடை மின்வெட்டை நினைத்து இடைநிலை முடிவுகளைச் சேமித்தபடியே அதை ஓட்டவும். எளிதில் கிட்டும் 1/8 சற்று வில்லங்கமானது: பேரியம் சேர்ந்த உறவுச் சேர்மத்தில் மீக்கடத்துதிறன் வெகுவாக ஒடுங்குவது அந்த அளவில்தான்.

மாசூட்டுமுன் தூய சேர்மத்தை ஓட்டிப் பார்க்கவும். உண்மையில் எதிர்ஃபெர்ரோ காந்தக் காப்பானான (அண்டை அணுக்களின் காந்தத்தன்மை எதிரெதிராக அமைந்த, மின்சாரம் கடத்தாத பொருளான) அதைச் சாதாரண டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறை) உலோகமென்று காட்டும். தாமிரத்தின் 3d எலக்ட்ரான்களுக்கு ஹப்பார்டு யு (ஒரே அணுவிலுள்ள எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் ஆற்றல்) சேர்த்து, அண்டைத் தாமிரங்களின் தற்சுழற்சியை எதிரெதிராகத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். ஆற்றல் இடைவெளி திறக்கவில்லையென்றால், அந்தக் கூட்டில் ஸ்ட்ரான்சியத்தை வைப்பது வீண் வேலை.

இந்தக் கணக்கீடு மாறுநிலை வெப்பநிலையை (எந்த வெப்பநிலைக்குக் கீழே மீக்கடத்துதிறன் தோன்றும் என்பதை) தராது. துளைகள் இணைகின்றனவா என்று கேட்க, தாமிர இடங்களை மட்டும் கட்டமாக எடுத்துக்கொள்ளும் டி-ஜே (t-J) மாதிரி வேண்டும். காந்திபுரத்தில் நிறைந்து நிற்கும் பேருந்தில் இருக்கை காலியானால்தான் ஒருவர் இடம் மாற முடிவதுபோல, இதில் எலக்ட்ரான் துளையுள்ள இடத்துக்கு மட்டுமே நகரும். நான்குக்கு நான்கு கட்டத்தில் இரு துளைகள் வைத்தால் நிலைகள் 4,11,840, மடிக்கணினிக்கே போதுமானது. ஓரிடத்தில் இரு எலக்ட்ரான்களையும் அனுமதிக்கும் ஹப்பார்டு மாதிரியிலோ அதே கட்டத்துக்கு 13,08,73,600 நிலைகள். சமச்சீர்மையைப் பயன்படுத்தாவிட்டால் ஒரு வெக்டரே ஒரு ஜிபி நினைவகத்தைப் பிடிக்கும். லாங்சோஸ் முறையில் (பெரிய அணியின் மிகத் தாழ்ந்த ஆற்றலைப் படிப்படியாகக் காணும் முறை) துளையில்லாத, ஒரு துளையுள்ள, இரு துளைகளுள்ள தாழ்நிலை ஆற்றல்களைக் கண்டு, முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டி, இரண்டாவதின் இருமடங்கைக் கழிக்கவும். விடை எதிர்க்குறியானால் துளைகள் பிணைகின்றன.

அதைக் கொண்டு உடனே முடிவெழுத வேண்டாம். சுழல் எல்லை நிபந்தனையில் (கட்டத்தின் ஓர் ஓரத்தை எதிர் ஓரத்தோடு இணைப்பதில்) இந்த 16 இடக் கட்டம் நாற்பரிமாணக் கனசதுரத்துக்குச் சமமாகி, அசல் தாமிரத் தளத்தில் இல்லாத சமச்சீர்மையைப் பெறுகிறது; ஆகவே 18, 20 இடங்கள் கொண்ட சாய்ந்த கட்டங்களிலும் அதே கழித்தலைச் செய்து பார்க்கவும்.