தாடை அறுவை சிகிச்சை: பிளேட்டை மட்டும் நம்பிச் செய்யும் தவறுகள்

தாடையைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிளேட் போடுவீங்க டாக்டர்?" கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. வெட்டிய எலும்பு சேரும்வரை பிடித்து வைப்பதுதான் பிளேட்டின் வேலை. வைத்த இடத்தில் தாடை நிலைக்குமா என்பது, அதை எந்தத் திசையில், எவ்வளவு தூரம் நகர்த்துகிறார்கள் என்பதையே பெரிதும் பொறுத்தது.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிராஃபிட் குழுவினர் 1996-இல், எந்த நகர்த்தல் எவ்வளவு நிலைக்கும் என்று ஒரு வரிசையே வெளியிட்டார்கள். மேல்தாடையை மேலே தூக்கி வைத்தால் நன்றாக நிற்கும். கீழ்தாடையை அளவோடு முன்னுக்குக் கொண்டுவந்தாலும் அப்படித்தான், 10 மி.மீ.க்கு மேல் போனால் கவனம் தேவை. மேல்தாடையைக் கீழே இறக்குவதும் அகலப்படுத்துவதும் கீழ்தாடையைப் பின்னுக்குத் தள்ளுவதும் சிக்கலானவை. கீழே இறக்கும்போது எலும்புக்கு நடுவே இடைவெளி விழுகிறது, மெல்லும் விசை தாடையைத் திரும்ப மேலே தள்ளுகிறது. அதனால்தான் அந்த இடைவெளியில் எலும்பு ஒட்டு வைப்பதுண்டு. உங்களுக்குச் செய்யப்போவது இவற்றில் எது என்று கேளுங்கள்.

அடுத்தது, காதருகே இருக்கும் தாடை மூட்டு. முன்பு கம்பியால் எலும்பைக் கட்டி, வாயையும் சுமார் ஆறு வாரம் மூடி வைப்பார்கள். 1970-களில் ஸ்குரூவும் சின்ன பிளேட்டும் வந்த பிறகு அந்தத் துன்பம் பெருமளவு குறைந்தது. ஆனால் ஸ்குரூ முறுக்கும் நேரத்தில் மூட்டு தன் குழியில் சரியாக உட்காராவிட்டால், அந்தத் தவறும் சேர்ந்தே இறுகிவிடும். அறுவையின்போது மேல், கீழ்ப் பற்களைச் சேர்த்துப் போட்ட கட்டை அவிழ்த்ததும், பற்கள் சரியாகக் கடிக்கின்றனவா என்று அறுவை மேசையிலேயே பார்ப்பதும், இல்லையென்றால் ஸ்குரூவைக் கழற்றித் திரும்பப் போடுவதும் இதற்காகத்தான். நேரமானாலும் தவிர்க்கக் கூடாத வேலை இது.

உடலுக்குள்ளேயே கரையும் பிளேட் என்றாலே உசத்தி என்று நினைப்பதும் தவறு. பாலிலாக்டிக் அமிலத்தில் செய்யும் அவை டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்யும் பிளேட்டைவிடத் தடிமனானவை, விசை தாங்குவதில் பலம் குறைந்தவை. சில வகைகள் முழுதாய்க் கரைய வருடக்கணக்காகும். இடையில் வீக்கம் வரவும் கூடும். டைட்டானியமோ தொந்தரவு தராதவரை உள்ளேயே இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்ற பயமும் வேண்டாம், பிளேட் பக்கத்தில் மட்டும் படம் சற்று மங்கும்.

அப்புறம் வீட்டில் நடப்பது. வலி போய்விட்டதே என்று மூன்றாவது வாரமே முறுக்கு கடிப்பவர்கள் உண்டு. வலி போனதால் எலும்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டர் சொல்லும்வரை, பெரும்பாலும் ஆறு வாரம், கூழும் குழைந்த சோறும்தான். மேல், கீழ்ப் பற்களை இணைத்துப் போடும் ரப்பர் பேண்டை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். புகை அறவே வேண்டாம், எலும்பு சேர்வதையே அது கெடுக்கும். நேற்றுவரை சேர்ந்த பற்கள் இன்று சேரவில்லை என்றால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.