ஷாங்காய்க்குப் புதிதாக வருபவர்களுக்கு: முதல் 24 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பதிவு

விசா, விமான நிலைய முத்திரை, கைரேகை இதெல்லாம் தானாக நடந்துவிடும். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது அதற்குப் பிறகுதான்.

ஓட்டலில் தங்கினால் பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே காவல்துறைக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். வாடகை வீடோ நண்பர் வீடோ என்றால், தங்கத் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாலும் இதே கணக்குதான். தவறினால் எச்சரிக்கை, கூடவே 2000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வேலை விசாவில் வந்தவர்கள் 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது.

பாஸ்போர்ட், விசாப் பக்கம், நுழைவு முத்திரைப் பக்கம், வாடகை ஒப்பந்தம், வீட்டுப் பத்திரத்தின் நகல், உரிமையாளரின் அடையாள அட்டை நகல் என எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நண்பர் வீடென்றால் அவரையும் கூட்டிப் போங்கள். ஷாங்காயில் இணையத்திலும் பதியலாம். ஆனாலும் முதல் தடவை நேரில் போவதே நல்லது.

உரிமையாளர்கள் சிலர் வாடகை வருமானத்துக்கு வரி வந்துவிடும் என்று பத்திர நகலைத் தர மறுப்பார்கள். உள்வாடகைக்கு விடுபவரிடம் பத்திரமே இருக்காது. புரோக்கர் "ஒன்றும் ஆகாது" என்பார், நம்பவே நம்பாதீர்கள். சென்னையைப் போலப் பத்து மாத அட்வான்ஸ் இங்கே இல்லை. ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் முதலிலேயே கேட்பது வழக்கம். நகல் கைக்கு வராமல் அந்த நான்கு மாதப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வீடு மாறினாலும், பாஸ்போர்ட் புதுப்பித்தாலும், குடியிருப்பு அனுமதி கிடைத்தாலும் மறுபடி பதிய வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பினால் பதிய வேண்டுமா என்பதில் நடைமுறை இடத்துக்கு இடம் மாறுகிறது, நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பே, பணம் கட்ட இங்கே எல்லாரும் பயன்படுத்தும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டையும் போனில் ஏற்றி, கார்டை இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். இளநீர்க் கடை அளவுக்குச் சின்னக் கடையிலும் க்யூஆர் குறியீடுதான். வெளிநாட்டுக் கார்டில் 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதக் கட்டணம் உண்டு. உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது. நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டால் திறக்கும். அம்மாவிடம் பேச வழியில்லாமல் முதல் இரவைக் கழிக்காதீர்கள்.

சைவர்கள் காய்கறிப் பொரியலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம், கொத்துக்கறியும் தூவியிருக்கலாம். "இறைச்சி, கொழுப்பு, சிப்பிச் சாறு வேண்டாம்" என்று சீனத்தில் எழுதிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். யூஃபோ புத்தர் கோயிலில் சைவ நூடுல்ஸ் கிடைக்கும்.

சாலையில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். மின்சார ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் நடைபாதையிலும் வரும். மிக்சி கொண்டுவருபவர்கள் அடாப்டரையும் பெட்டியில் போடுங்கள். 220 வோல்ட்தான், மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. நம் உருண்டை மூன்று முனை பிளக்தான் இங்குள்ள துளையில் நுழையாது.