பழைய ஜில்லட் றேசரில் எந்த எண்ணில் தொடங்குவது?

அப்பப்பாவின் அலுமாரியில் 1 முதல் 9 வரை எண் போட்ட ஜில்லட் றேசர் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். 1950களின் கடைசியிலும் 60களிலும் வந்த நல்ல சாமான். எண் கூடக்கூட பிளேட் இடைவெளி கூடும். தாடியை ஒட்ட வழிக்கலாம், ஆனால் தோலும் எரியும். முதலில் எண் வளையத்தை 3இல் வையுங்கள். அழுத்தவே வேண்டாம், றேசரின் பாரமே போதும். நாலைந்து நாள் தாடியென்றால் 6 வரை போகலாம்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. மழைத்தண்ணீர், அல்லது கொதிக்க வைத்துத் தெளிந்த தண்ணீரில் நுரை எடுங்கள். சேவ் எடுத்ததும் பிளேட்டை மூடியிருக்கும் மேற்கதவுகளைத் திறந்து கழுவி உதறுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் படிவு எண் வளையத்தை இறுக்கிவிடும். இறுகினால் குறட்டைத் தேடாதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, பழைய பிரஷால் தேய்த்துப் பாருங்கள்.